பழைய உலாவிக்குக் கதவடைப்பது எப்போது?

கல்முனையிலிருந்து தெற்கு நோக்கிச் செல்லும் பெருவீதி, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர், ஒலுவில், பாலமுனை என்று ஊர் ஊராகக் கடந்து அட்டாளைச்சேனையை அடைகிறது. கிழக்கே கடல், மேற்கே நெல்வயல். நெல்லும் மீனும் இவ்வூரின் செல்வங்கள் என்றால், கல்வியை மூன்றாவது செல்வம் எனலாம். ஆசிரியர்களைப் பயிற்றுவித்த ஊர் என்று கிழக்கிலங்கையில் இதற்குப் பெயர் உண்டு. இன்றும் தேசிய கல்வியியற் கல்லூரி ஒன்று இங்கே இருக்கிறது. 1995ஆம் ஆண்டிற் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தோன்றி, அடுத்த ஆண்டே பல்கலைக்கழகமாக உயர்ந்த தென்கிழக்குப் பல்கலைக்கழகமும் இதே பிரதேச செயலகப் பிரிவைச் சேர்ந்த ஒலுவிலிலேயே அமைந்திருக்கிறது. ஆகவே, படிப்பு, பரீட்சை, விண்ணப்பம் என்னும் மூன்று சொற்களும் இவ்வூர் வீடுகளில் நாள்தோறும் ஒலிப்பதில் வியப்பில்லை.

அந்த விண்ணப்பங்கள் முன்னர்த் தபாலில் வந்தன. நிரப்பித் தபாலிலேயே அனுப்பப்பட்டன. இப்போது பரீட்சைப் பெறுபேறு பார்ப்பதற்கும், பல்கலைக்கழக அனுமதி கோருவதற்கும், வேறு பல காரியங்களுக்கும் இணையத்தளமே வாசலாகிவிட்டது. வாசல் என்றால் அதற்கொரு கதவும் உண்டு. யாருக்குத் திறப்பது, யாருக்கு அடைப்பது என்பதைத் தீர்மானிப்பவர், அப்பக்கத்தை அமைக்கும் வடிவமைப்பாளர்.

இப்பகுதியிற் பலருக்கும் பழக்கமான ஒரு வீட்டை நேயர்கள் எண்ணிப் பார்க்கலாம். மூத்த காக்கா கட்டாரில் வேலை பார்க்கிறார். தாம் வாங்கிய கைத்தொலைபேசியை, இரண்டு ஆண்டுகள் கழித்து விடுமுறையில் வந்தபோது வாப்பாவுக்குக் கொடுத்தார். வாப்பாவுக்கு வேறொன்று வாய்த்ததும் அது தங்கைக்கு வந்தது. கண்ணாடியில் ஒரு கீறல் உண்டேயன்றி, அக்கருவியில் வேறு குறையில்லை; பேசலாம், பாட்டுக் கேட்கலாம், படம் எடுக்கலாம். ஆனால் ஒருநாள், விண்ணப்பப் பக்கத்தைத் திறந்தால் வெள்ளைத் திரை மட்டுமே தெரிகிறது. சிக்னல் இல்லை என்று எண்ணி அவள் முற்றத்துக்கு வருகிறாள், மாடிக்கு ஏறுகிறாள், டேட்டாவுக்கு மறுபடியும் பணம் கட்டுகிறாள். குற்றம் சிக்னலில் இல்லை. அவளுடைய கருவியில் உள்ள உலாவி பழையது; அந்தப் பழைய உலாவியை இனிக் கணக்கில் எடுப்பதில்லை என்று எங்கோ ஓர் அறையிற் சிலர் கூடி முடிவு செய்துவிட்டனர். அந்த முடிவு அவளுக்கு அறிவிக்கப்படவில்லை என்பதுதான் இதிற் கவனிக்க வேண்டியது.

உலாவி என்பது என்ன? ஆங்கிலப் பெயரைக் கொண்டு பிரவுசர் என்று பலரும் வழங்கும் செயலி அது. வானொலி கேட்போருக்கு இதை விளக்குவது எளிது. நிலையத்திலிருந்து ஒலிபரப்பு வருகிறது. வீட்டிலுள்ள வானொலிப் பெட்டி அதை ஏற்று ஒலியாக்குகிறது. இணையத்தில் பக்கமே ஒலிபரப்பு, உலாவியே பெட்டி. நிலையம் தன் முறையை மாற்றிவிட்டால், பெட்டி எவ்வளவு நல்லதாயினும் மௌனமாகிவிடும். நோர்வே நாடு 2017ஆம் ஆண்டில் நாடளாவிய பண்பலை ஒலிபரப்பை நிறுத்தி இலக்கமுறைக்கு மாறியது. ஜனவரி மாதம் வடபகுதியில் தொடங்கிய அம்மாற்றம் டிசம்பரில் முடிவுற்றது. அங்கே நாட்டுக்கு முன்னறிவிப்பு இருந்தது. சட்டசபையில் வாதம் நடந்தது. பழைய பெட்டியை என் செய்வது என்று மக்கள் கேட்கவும் முடிந்தது. இணையப் பக்கங்களில் இத்தகைய மாற்றம் நாள்தோறும் நிகழ்கிறது. வாதமும் இல்லை, அறிவிப்பும் இல்லை.

எனினும், வடிவமைப்பாளரை மட்டும் குறை கூறுதல் நியாயமன்று. அவர் பக்கத்திலும் ஒரு வழக்கு உண்டு. அதை அறிய, மைக்ரோசொவ்ட் நிறுவனத்தின் இன்டர்நெட் எக்ஸ்புளோரர் என்னும் உலாவியின் 6ஆம் பதிப்பைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். 2001ஆம் ஆண்டில் வெளியான அப்பதிப்பு, விண்டோஸ் எக்ஸ்பி கணினிகளுடனேயே வந்தமையால் உலகெங்கும் பரவியது. போட்டியாளர் யாவரும் வீழ்ந்தனர். வீழ்ந்ததும், வென்றவர் உறங்கலாயினர். அடுத்த பதிப்பு 2006ஆம் ஆண்டு வரையில் வரவில்லை. அந்த ஐந்து ஆண்டுகளுக்குள் இணையத்தின் பொது விதிகள் வளர்ந்தன; உலாவியோ நின்ற இடத்திலேயே நின்றது. ஒரு பக்கத்தை ஏனைய உலாவிகளுக்கென ஒரு முறையும், இந்த ஒன்றுக்கென மற்றொரு முறையும் அமைக்க வேண்டியதாயிற்று. ஒரே சட்டையை இரு தையற்காரர் இரு அளவுகளில் தைப்பது போன்ற வேலை அது, கூலியோ ஒருவருக்கே.

இந்த எரிச்சல் சில இடங்களில் வேடிக்கையாகவும் வெளிப்பட்டது. 2012ஆம் ஆண்டில் அவுஸ்திரேலியாவின் கோகன் என்னும் இணைய வாணிகர், 7ஆம் பதிப்பைக் கொண்டு பொருள் வாங்குவோரிடம் நூற்றுக்கு 6.8 வீதம் மேலதிக வரி அறவிடப்படும் என்று அறிவித்தார். அப்பதிப்பு வெளிவந்து கழிந்த மாதங்கள் 68, மாதத்துக்கு 0.1 வீதம் என்பது அவர் கணக்கு. வேடிக்கைதான். ஆனால் கடைக்காரர் ஒருவர் இப்படிச் செய்தால், வாங்குபவர் அடுத்த கடைக்குப் போகலாம். பரீட்சைத் திணைக்களத்துக்கு அடுத்த கடை ஏது?

உறுதியான நடவடிக்கை எடுத்தோரும் உண்டு. 2010 மார்ச்சில் கூகிள் நிறுவனம் தன் ஆவணச் சேவைகளில் 6ஆம் பதிப்பைக் கைவிட்டது. அதே மாதத்தில் யூடியூபும் கைவிட்டது. 2011ஆம் ஆண்டில், அவ்வுலாவியைப் படைத்த மைக்ரோசொவ்ட் நிறுவனமே, அதன் உபயோகம் உலகில் நூற்றுக்கு ஒன்றாகக் குறையும் நாளை எண்ணுவதற்கென ஒரு தளத்தைத் திறந்தது. தாய் தன் பிள்ளைக்கு நாள் குறித்தாற்போன்ற செயல். அந்த உலாவி வரிசையின் கடைசிப் பதிப்பாகிய 11 கூட 2022 ஜூன் 15இல் ஓய்வு பெற்றுவிட்டது.

இவ்வரலாற்றில் யூடியூபில் பணிபுரிந்த பொறியியலாளர் கிறிஸ் ஸக்கரையாஸ் என்பவரின் அனுபவம் தனியே நின்று நோக்கத் தக்கது. 2009ஆம் ஆண்டில் அவரும் அவர்தம் தோழர் சிலரும் மேலிடத்தின் வெளிப்படையான அனுமதியின்றியே, 6ஆம் பதிப்பைக் கொண்டு வருவோர் கண்ணிற் படுமாறு, இந்த உலாவிக்கு இனி விரைவில் இடமில்லை என்று ஓர் அறிவிப்பை இட்டனர். ஒரு மாதத்துக்குள் அத்தளத்துக்கு அப்பதிப்பின் வழியே வருவோர் தொகை பாதியாகக் குறைந்தது என்று அவர் பின்னாளில் எழுதினார். கதவடைப்போருக்கு இது மிகவும் உவப்பான கதை.

அதே மனிதர் கூறிய மற்றொரு கதை அதற்கு நேர் எதிரானது. யூடியூபின் காணொளிப் பக்கம் 1.2 மெகாபைட் வரை பருத்துவிட்டது கண்டு, அவர் அதை நூறு கிலோபைட்டுக்குள் அடங்குமாறு மெலியச் செய்தார். மெலிந்த பக்கத்தைச் சிலருக்குக் கொடுத்து நேரத்தை அளந்தபோது, பக்கம் திறக்கும் சராசரி நேரம் குறைவதற்கு மாறாகக் கூடியிருந்தது. சுமை குறைந்தது, நேரம் கூடியது, இது எப்படி? நாடு வாரியாகப் பிரித்துப் பார்த்த பின்னரே உண்மை விளங்கியது. தென்கிழக்காசியாவிலும் ஆபிரிக்காவிலும், இன்னும் தொலைவான இடங்களிலும் இணைப்பு மிக மெலிந்தவர்கள், பழைய பக்கத்தைத் திறக்க இயலாமல் அதுவரை விலகியிருந்தனர். மெலிந்த பக்கம் அவர்களுக்கு இரண்டு நிமிடத்திலாவது திறந்தது, ஆகவே வந்தனர். வந்ததும், அவர்தம் இரண்டு நிமிடங்கள் சராசரியை உயர்த்திவிட்டன.

பழைய உலாவியைக் கைவிட எண்ணும் ஒவ்வொருவரும் இந்தக் கதையை ஒருமுறை கேட்டல் நலம். ஏனெனில், கைவிடும் முடிவு பெரும்பாலும் ஒரு கணக்கைக் கொண்டே எடுக்கப்படுகிறது. சென்ற மாதம் இத்தளத்துக்கு வந்தோரில் நூற்றுக்கு எத்தனை பேர் பழைய உலாவியைக் கொண்டு வந்தனர் என்று பார்க்கிறார்கள்; ஒன்றுக்கும் குறைவு என்றால், கைவிடலாம் என்கிறார்கள். கணக்குச் சரிதான். ஆனால் அது உள்ளே வந்தவர்களின் கணக்கு. வெள்ளைத் திரையைக் கண்டு திரும்பிப் போன அட்டாளைச்சேனைப் பெண் அதிற் பதிவாகாமலே போகலாம். அவள் அடுத்த நாள் சந்தியிலுள்ள கொமியூனிகேஷன் கடைக்குச் சென்று, அங்குள்ள கணினியிற் காசு கொடுத்து அதே பக்கத்தை நிரப்பினால், கணக்கில் அவள் புதிய உலாவியின் சொந்தக்காரியாகவே காணப்படுவாள்.

நூற்றுக்கு ஒன்று என்பதும் சொல்லளவில் மிகச் சிறிது. 2024ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி இலங்கையின் சனத்தொகை 2 கோடியே 17 இலட்சத்தைச் சார்ந்தது. எல்லாரும் இணையத்தை நாடுவோர் என்று வைத்துக்கொண்டால், அதில் நூற்றுக்கு ஒருவர் என்பது இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்டோர். அட்டாளைச்சேனைப் பிரதேசத்தில் வாழ்வோர் அனைவரினும் மிகுதியானோர். அந்த ஒருவர் நாடெங்கும் சமமாகப் பரந்திருப்பதுமில்லை. கொழும்பிற் பழைய கருவி விரைவில் விலகுகிறது. விலகிய கருவி எங்கே போகிறது என்றால், பல வேளைகளில் ஊருக்குத்தான் வருகிறது.

கருவி கெடாதிருக்க, உலாவி மட்டும் ஏன் பழையதாகிறது என்று கேட்கலாம். கைத்தொலைபேசியின் அடிப்படை மென்பொருளைப் புதுப்பிப்பதைத் தயாரிப்பாளர் சில ஆண்டுகளில் நிறுத்திவிடுகிறார். உலாவியின் புதிய பதிப்போ புதிய அடிப்படையைக் கேட்கிறது. 2023 டிசம்பரில் வந்த குரோம் உலாவியின் 120ஆம் பதிப்பு, அண்ட்ராயிட் 8 அல்லது அதற்குப் பிந்தியதையே ஏற்றது. 2025ஆம் ஆண்டில் அந்த எல்லை அண்ட்ராயிட் 10க்கு உயர்ந்தது. பழைய கருவியில் இருக்கும் உலாவி அன்றே செத்துவிடாது. ஆயினும் அதன் வளர்ச்சி அந்த நாளோடு நின்றுவிடும். பின்னர் வடிவமைப்பாளர் ஒவ்வொருவரும் புதிய வசதி ஒன்றை உபயோகிக்கும்தோறும், அதற்குத் திறக்கும் கதவுகள் ஒவ்வொன்றாகக் குறைந்து வரும்.

இவற்றினும் கடினமானது பாதுகாப்பு என்னும் விஷயம். இணையத்திற் செல்லும் செய்தி பிறர் கண்ணிற் படாதிருக்க இரகசியக் குறிமுறையும், தளம் உண்மையானதுதான் என்பதற்கு அத்தாட்சிப் பத்திரமும் வேண்டும். பழைய குறிமுறைகள் காலப்போக்கில் உடைக்கப்படுகின்றன. உடைந்த பூட்டைத் தொங்கவிட்டு வாசலைத் திறந்து வைப்பது உபகாரமாகாது. அடையாள அட்டை இலக்கமும் வங்கிக் கணக்கும் கேட்கும் பக்கத்தில், பழைய குறிமுறைக்கு இடங்கொடுத்தால், அதை நாடி வரும் ஏழையே முதலில் ஏமாற்றப்படுவார். இவ்விடத்தில் மட்டும் கதவடைப்போர் பக்கமே நியாயம் மிகுந்திருக்கிறது.

ஆனால் பாதுகாப்பின் பேரால் அடைக்கும்போதும் அவகாசம் தேடிக் கொடுக்க முடியும் என்பதற்கு ஓர் உதாரணம் உண்டு. அத்தாட்சிப் பத்திரங்களை இலவசமாக வழங்கும் லெட்ஸ் என்கிரிப்ட் என்னும் பொதுநல நிறுவனம், 2020 நவம்பரில் ஒரு செய்தி வெளியிட்டது. அடுத்த ஆண்டு செப்டெம்பரில் ஒரு பழைய மூலப் பத்திரம் காலாவதியாகும். அதன் பின்னர் அண்ட்ராயிட் 7.1.1க்கு முந்திய பேசிகளில் எண்ணற்ற தளங்கள் திறவாமற் போகக்கூடும் என்பது செய்தி. அக்காலத்தில் உலகில் உபயோகத்திலிருந்த அண்ட்ராயிட் கருவிகளில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அத்தகையவை. இத்தனை பேரைக் கைவிடுவதா? அடுத்த மாதமே அவர்கள் வழியொன்றைக் கண்டனர். பழைய அண்ட்ராயிட் பேசிகள் மூலப் பத்திரத்தின் காலாவதித் தேதியைப் பார்ப்பதில்லை என்பதைப் பயன்படுத்தி, மேலும் மூன்று ஆண்டுகளுக்கு அக்கருவிகளை வாழச் செய்தனர். 2024ஆம் ஆண்டில் அந்த ஏற்பாடு முடிவதற்குள் பழைய கருவிகளின் தொகை பெரிதும் குறைந்திருந்தது. முடிவு மாறவில்லை, நாள்தான் தள்ளிப்போனது. அந்த நாட்கள் யாருக்குத் தேவையோ அவர்களுக்குக் கிடைத்தன.

பழையதை ஒருபோதும் விடாமற் பற்றிக்கொண்டிருந்தால் நேரும் தீங்குக்குத் தென்கொரியாவைக் காட்டலாம். இணையத்தில் முன்னோடியான அந்நாடு, 1990களின் இறுதியில் வங்கி வேலைக்கென ஒரு குறிமுறையையும் அத்தாட்சி முறையையும் வகுத்தது. அவை இன்டர்நெட் எக்ஸ்புளோரரிற் பொருத்தும் துணைச் செயலியை நம்பியிருந்தன. ஆகவே வேறு உலாவியை நாடியவருக்கு வங்கியும் இல்லை, கடையும் இல்லை என்றாயிற்று. உலகம் அவ்வுலாவியைக் கைவிட்ட பின்னும் கொரியர் பல்லாண்டு அதைக் கட்டியழ நேர்ந்தது. அந்த அத்தாட்சி முறையின் தனியுரிமையைச் சட்டத்தால் நீக்கியது 2020 டிசம்பரிலேதான்.

தமிழுக்கும் இப்படி ஒரு கதை உண்டு. இலங்கையில் நெடுங்காலம் கந்தோர்களிலும் அச்சகங்களிலும் பாமினி என்னும் எழுத்துருவே ஆட்சி செய்தது. ஆங்கில எழுத்துக்குரிய இடத்தில் தமிழெழுத்தின் உருவத்தை வைத்து அமைத்தது அது. அவ்வெழுத்துரு உள்ள கணினியில் தமிழாகத் தோன்றுவது, இல்லாத கருவியில் பொருளற்ற ஆங்கில எழுத்துக் குவியலாகத் தோன்றும். 1991ஆம் ஆண்டிலேயே யூனிகோட் என்னும் பொதுக்குறிமுறையில் தமிழ் இடம்பெற்றுவிட்டது. எனினும், பழைய கணினிகளிற் புதிய முறை சரிவரத் தெரியாது என்ற காரணத்தால் பாமினியை விடாதிருந்தோர் பலர். பழைய கணினிக்குக் காட்டிய அந்தத் தயவு, பின்னர் வந்த கைத்தொலைபேசிகளுக்குக் கதவடைப்பாக முடிந்தது. தேடினாலும் அப்பக்கங்கள் அகப்படமாட்டா. ஒரு காலத்திற் கிழக்கிலங்கை முஸ்லிம்கள் தமிழை அறபு எழுத்தில் எழுதிப் படித்தனர். அந்நூல்களைக் கையில் வைத்துக்கொண்டு படிக்க இயலாதிருக்கும் பேரப்பிள்ளைகளுக்கு, எழுத்து மாறினால் எவ்வளவு இழப்பு என்பதைப் பிறர் சொல்ல வேண்டியதில்லை.

அதே காலத்தில் எதிர்ப்புறத்திலிருந்தும் ஓர் உதவி வந்தது. 2011ஆம் ஆண்டில் வந்த 4ஆம் பதிப்புக்கு முந்திய அண்ட்ராயிட் பேசிகள் பலவற்றில் தமிழ் வெறுங் கட்டங்களாகத் தெரிந்தது. அப்போது ஒபேரா மினி என்னும் சிற்றுலாவியில் மறைவாக இருந்த ஓர் அமைப்பைத் திருத்தினால், தமிழெழுத்துக்கள் சிறு படங்களாக மாறி வந்து தெரியும். தமிழ் மாணவர்கள் இதை ஒருவருக்கொருவர் சொல்லிக் கொடுத்துப் பரப்பினர். அழகில்லை, எழுத்து நெளிந்திருக்கும், ஆனால் படிக்க முடிந்தது.

படிக்க முடிதல் வேறு, அழகாகத் தெரிதல் வேறு என்னும் இந்தப் பேதமே பிரச்சினையின் திறவுகோல். 2006ஆம் ஆண்டில் யாகூ நிறுவனத்தார் உலாவிகளைத் தரம் பிரித்தபோது, உயர்ந்த தரத்துக்கு முழு அலங்காரமும், தாழ்ந்த தரத்துக்கு அலங்காரமற்ற வெறும் உள்ளடக்கமும் கொடுத்தனர்; எவரையும் வெறுங்கையோடு அனுப்புவதில்லை என்பது கொள்கை. 2012ஆம் ஆண்டில் பிபிசி செய்திப் பிரிவினரும் அவ்வாறே செய்தனர். உலாவியின் பெயரைக் கேட்காமல், இன்ன மூன்று வசதிகள் உன்னிடம் உண்டா என்று வினவி, உண்டென்றால் முழுப் பக்கத்தையும், இல்லையென்றால் செய்தியை மட்டுமாவது தந்தனர். மட்டக்களப்பில் 2013ஆம் ஆண்டில் கல்லடிக்குப் புதிய பாலம் திறக்கப்பட்டபோது, 1924ஆம் ஆண்டின் பழைய இரும்புப் பாலத்தை இடித்துவிடவில்லை என்பது நேயர்களுக்குத் தெரியும்.

இலங்கையிலேயே இதனை ஓரளவு நன்றாகச் செய்த சந்தர்ப்பம் ஒன்று 2022ஆம் ஆண்டின் எரிபொருள் நெருக்கடியில் வாய்த்தது. அவ்வாண்டு ஜூலையில் தேசிய எரிபொருள் அனுமதிமுறை வந்தது. வாகனத்தின் விபரங்களை இணையத்தில் ஒருமுறை பதிந்தால், கியூஆர் என்னும் சதுரக்குறி ஒன்று கிடைக்கும். அதைக் காட்டி வாராந்த அளவைப் பெறலாம். அந்தக் குறியைக் கடதாசியில் அச்சிட்டும் காட்டலாம் என்று விட்டதே இதன் சிறப்பு. பதிவதற்கு மட்டும் மருமகனின் பேசியோ கடையின் கணினியோ போதும். பின்னர் ஆட்டோக்காரர் சட்டைப் பையிற் கடதாசியை மடித்து வைத்துக்கொண்டு வரிசையில் நின்றார். 2023 செப்டெம்பரில் அம்முறை நிறுத்தப்படும் வரையில், எத்தனையோ கடதாசிகள் பிளாஸ்டிக் உறைக்குள் புகுந்து மழைக்குத் தப்பின.

ஆகவே, எப்போது நிறுத்துவது என்ற வினாவுக்கு ஒரே ஒரு வீதக்கணக்கு விடையாகாது. செய்தித்தாளோ, கடையோ, பொழுதுபோக்குத் தளமோ தன் இலாபநட்டத்தைப் பார்த்து முடிவு செய்யட்டும். பிரதேச செயலகம், பரீட்சைத் திணைக்களம், பல்கலைக்கழக அனுமதி போன்ற மாற்று வழியற்ற வாசல்களுக்கு அந்தச் சுதந்திரம் இல்லை. அங்கே அலங்காரத்தை எப்போது வேண்டுமானாலும் நிறுத்தலாம். வாசிக்கும் பகுதியை நிறுத்துவதற்கு நியாயமே இல்லை, ஏனெனில் வெறும் எழுத்தைக் காட்டுதல் எந்த உலாவிக்கும் இயலும். பெயரும் இலக்கமும் நிரப்பி அனுப்பும் பகுதியில், பாதுகாப்பு உடையுமிடத்து நிறுத்தத்தான் வேண்டும். ஆனால் விண்ணப்ப முடிவுத் தேதிக்கு முந்திய வாரத்தில் அதைச் செய்தல் கொடுமை. ஒரு விண்ணப்பக் காலம் முடிந்த பின், அடுத்தது தொடங்குவதற்கு முன், பல மாதங்களுக்கு முன்னரே அறிவித்துச் செய்தல் வேண்டும். அவ்வறிவிப்பை வானொலியிற் சொல்வதற்கும் தடையில்லை.

நிறுத்திய பின்னர் பழைய கருவி காட்ட வேண்டியதும் வெள்ளைத் திரையன்று. உங்கள் உலாவி பழையது, இப்பக்கத்தில் உங்கள் விபரங்களைப் பாதுகாக்க அதற்கு இயலாது என்னும் செய்தியைத் தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும், படமாக அன்றி எழுத்தாக, சில வரிகளிற் சொல்லலாம். விண்ணப்பப் படிவத்தைக் கடதாசியில் எந்தக் கருமபீடத்திற் பெறலாம், எந்தத் தேதி வரையில் ஏற்பார்கள், எந்தத் தொலைபேசி இலக்கத்தில் விசாரிக்கலாம் என்பனவும் அதிலேயே இருக்க வேண்டும். அப்படியொரு பக்கம் பத்துக் கிலோபைட்டுக்குள் அடங்கும். கீறல் விழுந்த கண்ணாடியிலும் அது தெரியும்.